தடித்த எழுத்து தலைப்பாகாது: மின்னூலகத்தின் இணையதளக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மின்னூலகத்தின் இணையதளப் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் தளத்தைப் புதுப்பித்தபோது கட்டுரைகளில் இருந்த தலைப்பு டேக்குகளை எல்லாம் எடுத்துவிட்டீர்கள். டேக் என்பது, பக்கத்தின் நிரலில் ஒரு பகுதி என்ன என்று சொல்லும் குறி. இரண்டாம், மூன்றாம் நிலைத் தலைப்பைக் குறிக்கும் எச்2, எச்3 இருந்த இடங்களில் இப்போது எந்தப் பொருளும் சொல்லாத டிவ் என்ற டேக் இருக்கிறது, அதற்குள் பெரிதாகவும் தடிப்பாகவும் எழுத்து இருக்கிறது. இதைப் பற்றி நான் புகார் எழுதினேன். தோற்றத்தில் எந்தப் பிழையும் இல்லை, தலைப்புகள் எல்லாம் பழையபடியே தெரிகின்றன, உங்கள் கருத்தைப் பின்னர் பரிசீலிக்கிறோம் என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் அனுப்பியது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கண்பார்வை இல்லாதவன். பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, கேட்பவர்களுக்குக் குறிப்பெடுத்துத் தருவது என் தொழில். அந்தத் தொழிலில் பெரும்பகுதி உங்கள் சேகரிப்பை நம்பித்தான் நடக்கிறது. படிப்பதெல்லாம் ஸ்கிரீன் ரீடர் வழியாக, அதாவது பக்கத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள் வழியாக. அந்த மென்பொருள் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது திரையைப் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதிய பதிலாகத்தான் உங்கள் பதில் எனக்குப் படுகிறது. பிரவுசர் உங்கள் எச்டிஎம்எல்லை, அதாவது டேக்குகளால் எழுதிய பக்க நிரலை வாங்கி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, திரையில் வரைவது. இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் என்ன என்று பதிந்து வைப்பது: இது தலைப்பு, இரண்டாம் நிலை, இது இணைப்பு, இது பொத்தான், இது ஏழு உருப்படிகள் கொண்ட பட்டியல். ஸ்கிரீன் ரீடர் பிரவுசரிடம் கேட்டு வாங்குவது இந்த இரண்டாவதை. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், எந்த நிறம் கொடுத்தாலும், அதற்காக ஒரு வரி இந்தப் பதிவில் தலைப்பாக ஏறிவிடாது. டேக் சொன்னால்தான் ஏறும்.

கண் தெரிந்தவர் நீண்ட கட்டுரையைத் திறந்ததும் என்ன செய்கிறார்? வேகமாகக் கீழே தள்ளிக்கொண்டே போகிறார். தடித்த வரிகள் கண்ணில் படுகின்றன. எங்கே முறை, எங்கே தரவு, எங்கே முடிவு என்று சில நொடிகளில் பிடிபட்டுவிடுகிறது. எனக்கு அதே வேலையைச் செய்து தந்தது எச் என்ற ஒரு விசை. என்விடிஏ, ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர்கள் இரண்டிலும் எச்சை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். 2 என்ற எண்ணை அழுத்தினால் அடுத்த எச்2, 3-ஐ அழுத்தினால் அடுத்த எச்3. இப்படிப் பெரிய தலைப்புகளை மட்டும் முதலில் கேட்டுக்கொண்டு, வேண்டிய இடம் வந்ததும் உள்ளே இறங்கி உட்தலைப்புகளைக் கேட்பேன். கட்டுரையின் எலும்புக்கூடு முழுவதும் அப்படித்தான் என் மனதில் பதியும். இது என் ஒருவன் பழக்கம் கிடையாது. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோரிடம், மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய அணுகலில் பணிபுரியும் வெப்எய்ம் அமைப்பு பல ஆண்டுகளாகக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. நீண்ட பக்கத்தில் ஒன்றைத் தேட முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் தலைப்புகள் வழியாகப் போவோம் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் கட்டுரைக்குள் எச்சை அழுத்தினால் ஒரு பகுதித் தலைப்பும் கிடைப்பதில்லை. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இதே கதை. ஆகவே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். சொல்லைப் போட்டுத் தேடலாமே என்று நீங்கள் கேட்கலாம். தேடுகிறேன். 'முடிவுகள்' என்று தேடினால் அந்தச் சொல் கட்டுரை முழுக்க வருகிறது, அதில் எது பகுதியின் பெயர் என்று தெரிய வழியில்லை. 'முடிவுகள்' என்று பெயர் வைக்காமல் வேறு பெயர் வைத்த ஆசிரியரின் கட்டுரை என்றால் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

தேடல் பக்கம் இதைவிட மோசம். ஆண்டு, மொழி, ஆசிரியர் என்று முடிவுகளை வடிகட்டும் பொத்தான்கள் முன்பு பொத்தான்களாக இருந்தன. இப்போது அவை ஸ்பேன், டிவ் போலவே பொருள் எதுவும் சொல்லாத டேக். மவுசால் தட்டினால் வேலை செய்யும் என்று உங்கள் சோதனையில் உறுதி செய்திருப்பீர்கள். நான் மவுசைப் பயன்படுத்துவதில்லை. பட்டன் என்ற டேக்கை எழுதினால் பிரவுசரே அதற்குப் பல வசதிகளைச் சேர்த்துத் தருகிறது: டேப் விசை அங்கே வந்து நிற்கும், என்டரும் ஸ்பேஸும் அதை இயக்கும், செயல்படாத நிலையில் இருந்தால் அதையும் சொல்லும். ஸ்பேனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. டேப்பை அழுத்தினால் தேடல் பெட்டியிலிருந்து நேராக முதல் முடிவுக்குத் தாவிவிடுகிறது. வடிகட்டும் வசதி ஒன்று இருப்பதே புதிதாக வரும் ஒருவருக்குத் தெரியாது.

என் புகாருக்குப் பிறகு நீங்கள் ஒரு திருத்தம் செய்தீர்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்த ஸ்பேன்களில் ரோல் என்ற பண்பைச் சேர்த்து, மதிப்பாகப் பட்டன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதனால் இப்போது என் ஸ்கிரீன் ரீடர், ஆண்டு, பொத்தான் என்று அறிவிக்கிறது. நம்பி என்டர் அழுத்துகிறேன், ஒன்றும் நடப்பதில்லை. ரோல் என்பது பெயரை மட்டும் மாற்றும், நடத்தையைத் தராது. டேப் வந்து நிற்பதற்கும், விசைகள் இயங்குவதற்கும் தனியாக நிரல் எழுத வேண்டும். ரோல் போன்ற பண்புகளை வரையறுக்கும் ஏரியா தரநிலையைப் பயன்படுத்துவோருக்கு, வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரும் வழிகாட்டலில் முதல் விதியே, எச்டிஎம்எல்லில் அதற்கென்று டேக் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள் என்பதுதான். இல்லாத பொத்தானைவிட இயங்காத பொத்தான் அதிக நேரத்தைத் தின்கிறது, ஏனென்றால் பிழை என் பக்கமா உங்கள் பக்கமா என்று புரியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருப்பேன். கை நடுக்கம் உள்ளவர்கள், மவுசைப் பிடிக்க முடியாதவர்கள், கீபோர்டு மட்டுமே பயன்படுத்துபவர்கள் எல்லோரும் இதே இடத்தில் நிற்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கண் நன்றாகவே தெரியும்.

அட்டவணைகளுக்கு வருகிறேன். ஆய்வுக் கட்டுரையில் உயிர் இருப்பதே பல நேரம் அங்கேதான். டேபிள் என்ற டேக்கும், அதற்குள் தலைப்புக் கட்டத்துக்கான டிஎச் டேக்கும் இருந்தபோது, கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்திக் கட்டம் கட்டமாக நகர்வேன். ஒரு நெடுவரிசையிலிருந்து அடுத்ததற்குப் போனால் அந்த வரிசையின் பெயரைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லும். இது எந்த ஆண்டின் எண், எந்தப் பிரிவின் எண் என்ற குழப்பமே இருக்காது. புதிய தளத்தில் அட்டவணைகளையும் டிவ்களாக அடுக்கி, தோற்றத்தை மட்டும் சொல்லும் சிஎஸ்எஸ் கொண்டு கட்டங்களாகக் காட்டியிருக்கிறீர்கள். எனக்குக் கேட்பது நீளமான எண் வரிசை மட்டுமே. எட்டு நெடுவரிசை உள்ள அட்டவணையில் ஓர் எண்ணைச் சரிபார்க்க, எட்டு எட்டாக மனதில் எண்ணிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதற்கப்புறம் எண்ணிக்கை தவறிவிடும். அதன்பின் எழுதும் குறிப்பில் தவறான எண் போகும். என் பெயரில் போகும்.

இதெல்லாம் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறும்போது வரும் சிரமம் என்று உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. எது புதியது, எது பழையது என்பதில் நாம் ஒத்துப்போகவில்லை. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் விவரித்த முதல் எச்டிஎம்எல் டேக் வகைகள் இருபதுக்கும் குறைவு. அவற்றில் எச்1 முதல் எச்6 வரையிலான தலைப்புகள் இருந்தன, பத்தி இருந்தது, பட்டியல் இருந்தது, இணைப்பு இருந்தது. எழுத்தின் நிறத்தையோ அளவையோ சொல்லும் டேக் இல்லை. ஒரு பகுதி என்ன என்பதை ஆவணம் சொல்லும், அதை எப்படிக் காட்டுவது என்பதைப் பெறுபவரின் கருவி பார்த்துக்கொள்ளும் என்பதே ஏற்பாடு. 1990-களின் நடுவில் பிரவுசர்கள் போட்டி போட்டபோது ஃபான்ட், சென்டர் போன்ற, தோற்றத்தை மட்டும் சொல்லும் டேக்குகள் நுழைந்தன. 1997 ஜனவரியில் வந்த எச்டிஎம்எல் 3.2 அவற்றை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 அவற்றைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. காரணம், தோற்றத்துக்கென்று சிஎஸ்எஸ் வந்துவிட்டது: ஹோகன் வியும் லீ 1994-இல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் தரநிலையானது. தோற்றத்தைச் சிஎஸ்எஸ்ஸிடம் கொடுத்ததன் நோக்கமே, டேக்குகள் பொருளைச் சொல்லும் வேலையை மட்டும் செய்யட்டும் என்பது. நீங்கள் தோற்றத்தைச் சிஎஸ்எஸ்ஸிடம் கொடுத்துவிட்டு, பொருள் சொல்லும் வேலையை யாரிடமும் கொடுக்காமல் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் மூல நிரலைத் திறந்து படித்தேன். டிவ்களுக்குக் கட்டுரைத் தலைப்பு, உட்தலைப்பு, அட்டவணைக் கட்டம் என்று பொருள்படும் கிளாஸ் பெயர்களை, அதாவது சிஎஸ்எஸ் அடையாளம் காண வைக்கும் பெயர்களை அக்கறையோடு வைத்திருக்கிறீர்கள். ஆக, எது தலைப்பு என்பது எழுதியவருக்குத் தெரியும். ஆனால் கிளாஸ் என்பது உங்கள் குழுவும் உங்கள் சிஎஸ்எஸ்ஸும் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் செல்லப்பெயர். உலகத்தில் வேறு எந்தக் கருவிக்கும் அதன் பொருள் தெரியாது. அந்த அறிவை டேக்கில் எழுதியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

பொருள் சொல்லும் டேக்குகளில் நீங்கள் அக்கறையே காட்டவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. எழுத்தைத் தடிப்பாக்கும் பழைய பி, சாய்க்கும் பழைய ஐ டேக்குகளைக் களைந்து, முக்கியத்துவம் சொல்லும் ஸ்ட்ராங், அழுத்தம் சொல்லும் எம் என்று மாற்றிவிட்டோம் என்று புதுப்பிப்பு அறிவிப்பில் குறிப்பிட்டிருந்தீர்கள். நோக்கம் நல்லது. செய்த விதம் தவறு. எல்லா பி-யையும் ஸ்ட்ராங்காகவும், எல்லா ஐ-யையும் எம்மாகவும் ஒரே மூச்சில் தேடி மாற்றியிருக்கிறீர்கள். விளைவு, தாவரவியல் கட்டுரையில் வரும் ஒவ்வொரு இலத்தீன் இனப்பெயரும் இப்போது அழுத்திச் சொல்லப்படும் சொல். ஒரு நூலின் பெயர் வந்தால் அதுவும் அழுத்தம். அகராதிப் பதிவின் தலைச்சொல் ஒவ்வொன்றும் மிக முக்கியமான எச்சரிக்கை போல ஸ்ட்ராங். 2014-இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்த எச்டிஎம்எல்5, பி-யையும் ஐ-யையும் ஒழிக்கவில்லை. அவற்றுக்கு வேலை ஒதுக்கியது. கூடுதல் முக்கியத்துவம் இல்லாமல் கவனத்தை மட்டும் ஈர்க்க பி, வேறு தொனியில் வரும் சொல்லுக்கும் கலைச்சொல்லுக்கும் இனப்பெயருக்கும் ஐ, படைப்பின் பெயருக்கு சைட், உண்மையான அழுத்தத்துக்கு எம், முக்கியத்துவத்துக்கு ஸ்ட்ராங். எது எங்கே வரும் என்பதை வாக்கியத்தைப் படித்த மனிதர்தான் சொல்ல முடியும்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்: பெரும்பாலான ஸ்கிரீன் ரீடர்கள் வழக்கமான அமைப்பில் ஸ்ட்ராங்கையும் எம்மையும் தனியாக அறிவிப்பதில்லை. ஆகவே எனக்கு நேரடியாக வலிப்பது தலைப்புகளும் பொத்தான்களும் அட்டவணைகளும்தான். இருந்தாலும் இதைச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ் எழுத்தில் சாய்த்து அச்சிடும் மரபு கிடையாது. பிரவுசர் தானாக எழுத்தைச் சாய்த்துக் காட்டும்போது தமிழ் வரி படிக்கச் சிரமமாக இருப்பதாகக் கண் தெரிந்த நண்பர்களே சொல்கிறார்கள். அழுத்தம் எது, நூற்பெயர் எது என்று டேக் பிரித்துச் சொன்னால், தமிழ்க் கட்டுரைகளில் ஒன்றை நிறத்தாலும் மற்றொன்றை மேற்கோள்குறியாலும் சிஎஸ்எஸ்ஸில் ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். எல்லாமே எம் என்றால் அந்த வழியும் போய்விடுகிறது.

இன்னொரு வகைப் பிழையும் இருக்கிறது. வலப்பக்கப் பெட்டியில் 'தொடர்புள்ள கட்டுரைகள்' என்ற வரிக்கு மட்டும் எச்4 கொடுத்திருக்கிறீர்கள், சிறிய எழுத்து வேண்டும் என்பதற்காக இருக்கலாம். முழுத் தளத்திலும் எஞ்சியிருக்கும் ஒரே தலைப்பு டேக் அதுதான். ஓரத்தை உள்ளே தள்ள, மேற்கோளைக் குறிக்கும் பிளாக்கோட் டேக் பயன்பட்டிருக்கிறது, அங்கே மேற்கோளே இல்லை. பொருள் சொல்லும் டேக்கை அலங்காரத்துக்காக எடுத்தால் அது பொய்த் தகவல். தகவல் இல்லாததைவிட அது என்னை அதிகம் அலைக்கழிக்கிறது.

தானியங்கிச் சோதனையில் தளம் தேர்ச்சி பெற்றது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கருவிகள் பயனுள்ளவை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு டிவ் உண்மையில் தலைப்பாக இருந்திருக்க வேண்டும் என்று அவற்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. தலைப்பு டேக்குகள் வரிசை தவறியிருந்தால் சொல்லும், அந்த டேக்குகளே இல்லையென்றால் பல கருவிகள் அதைப் பிழையாகக் கணக்கிடுவதில்லை. இத்தனைக்கும் கருவிகள் கண்டுபிடிக்கும் பிழைகளே குறைவில்லை: பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை வெப்எய்ம் 2024-இல் சோதித்தபோது 95.9 சதவீதப் பக்கங்களில் டபிள்யூசிஏஜி எனப்படும் டபிள்யூ3சி-யின் அணுகல் விதிகளின் மீறல்கள் தானியங்கியாகவே கண்டறியப்பட்டன. அந்த டபிள்யூசிஏஜியில் 1.3.1 என்ற விதி இருக்கிறது. தோற்றத்தால் உணர்த்தப்படும் தகவலும் அமைப்பும் உறவும் நிரலாலும் அறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது அது. அடிப்படையான ஏ நிலை விதி. 2008-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. தலைப்புகளுக்குத் தலைப்பு டேக்குகளைப் பயன்படுத்தச் சொல்லும் அறிவுரை 1999-இல் வந்த முதல் பதிப்பிலேயே உண்டு.

நீங்கள் ஒரு நூலகம் என்பதால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். உலகின் முதல் இணையப் பக்கத்தை 2013-இல், வலை பிறந்த ஆய்வகமான செர்ன் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் ஏற்றி வைத்தது. அதில் சிஎஸ்எஸ் எதுவும் இல்லை. இன்றைய பிரவுசரில் திறந்து எச்சை அழுத்தினால் என் ஸ்கிரீன் ரீடர் அதன் எச்1-இல் போய் நிற்கிறது. அந்தப் பக்கம் எழுதப்பட்ட காலத்தில் இந்த ஸ்கிரீன் ரீடரே கிடையாது. உங்கள் சேகரிப்பு உங்கள் சிஎஸ்எஸ் கோப்பைவிட நீண்ட காலம் வாழ வேண்டியது. அடுத்த புதுப்பிப்பில் அந்தக் கோப்பு போய்விடும், கிளாஸ் பெயர்களும் மாறும். அன்றைக்கு இந்தக் கட்டுரைகளில் மிஞ்சுவது பகுதி பிரிக்கப்படாத வெறும் வரிகள். கண் தெரிந்தவருக்கும் அதுதான் மிஞ்சும். மின்னூலாக மாற்றும் கருவிகள் பொருளடக்கத்தை எடுப்பது பெரும்பாலும் டேக்கிலிருந்துதான்.

பிழை பிறக்கும் இடத்தையும் நான் பார்த்தவரை சொல்கிறேன். கட்டுரைகளை ஏற்றும் உங்கள் ஊழியர்களில் ஒருவர், கட்டுரைகளை ஏற்றப் பயன்படும் புதிய எடிட்டரில் எழுத்தளவு, தடிப்பு, சாய்வு என்ற மூன்று பொத்தான்கள் மட்டுமே இருப்பதாகச் சொன்னார். தலைப்பு என்று தேர்ந்தெடுக்க இடமே இல்லை. அவர்கள் கையில் கொடுத்த கருவியை வைத்து அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஆகவே இதற்கு அவர்களைப் பொறுப்பாக்கிவிடாதீர்கள்.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

ஏற்கெனவே உள்ள கட்டுரைகளில் எச்2, எச்3 டேக்குகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கிளாஸ் பெயர்கள் இன்னும் ஒழுங்காக இருப்பதால் இதைப் பெருமளவு நிரலாலேயே செய்யலாம், தோற்றம் ஒரு புள்ளிகூட மாறாது. தாமதிக்கத் தாமதிக்க இந்த வாய்ப்பு சுருங்கும், அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

எடிட்டரிலிருந்து எழுத்தளவுப் பொத்தானை எடுத்துவிட்டு, தலைப்பு நிலைகள், மேற்கோள், பட்டியல், அட்டவணைத் தலைப்பு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியை வையுங்கள். ஏற்றுபவர்களுக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுங்கள்.

வடிகட்டும் ஸ்பேன்களை அசல் பட்டன் டேக்குகளாக மாற்றுங்கள், ஒட்டுப்போட்ட ரோல் பண்பை நீக்குங்கள். தரவு அட்டவணைகளை டேபிள், டிஎச், அட்டவணையின் பெயருக்கான கேப்ஷன் டேக்குகளுக்குத் திருப்புங்கள். அலங்காரத்துக்காக வைத்த எச்4, பிளாக்கோட் இரண்டையும் சரிசெய்யுங்கள்.

ஒட்டுமொத்தமாக மாற்றிய ஸ்ட்ராங், எம் டேக்குகளைப் பழைய பிரதியிலிருந்து மீட்டெடுங்கள். பிறகு மெதுவாக, துறை அறிந்தவர்கள் படித்துப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் மாற்றட்டும். அவசரம் இல்லை.

தமிழ்க் கட்டுரைகளுக்கும் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே எழுதியிருக்கிறது. இதனால் தமிழ் வரிகளை ஆங்கிலக் குரல் தடுமாறி வாசிக்கிறது, சில இடங்களில் வாசிக்காமலே கடந்துவிடுகிறது. மொழியைக் குறிக்கும் லாங் பண்பில் ஒவ்வொரு கட்டுரையின் மொழியையும் சரியாகக் குறியுங்கள்.

இனி எந்தப் புதுப்பிப்பையும் வெளியிடும் முன், ஸ்கிரீன் ரீடரில் அன்றாடம் வேலை செய்பவர்களையும் கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவர்களையும் ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஒரு கட்டுரையைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் குறிப்பிட்ட பகுதிக்குப் போய், அட்டவணையில் ஓர் எண்ணைப் படித்துச் சொல்ல முடியவில்லை என்றால் வெளியீட்டை நிறுத்துங்கள்.

இவற்றில் எதை எப்போது செய்வீர்கள் என்று தேதியோடு தளத்திலேயே அறிவியுங்கள். அதுவரை பழைய கட்டுரைப் பக்கங்களைத் தனி முகவரியில் திறந்து வையுங்கள். அவை உங்கள் சர்வரில் இன்னும் அழிக்கப்படாமல் இருப்பதாக உங்கள் உதவிப் பிரிவே எனக்கு எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மின்னூலகத்தின் நெடுநாள் வாசகன்